அரை லிட்டர்

என் சித்திக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட யாரும் சொல்லித்தரவில்லை. பதினாறு வயதில், அவளுடைய அப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த நேரத்தில், அவர் வண்டியை ஓசைப்படாமல் வெளியே எடுத்து உதைத்திருக்கிறாள். கிளப்பத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. தெருவில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த செங்கல் குவியல்தான் நிறுத்தியது. இடது புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டில், "சின்ன வயசுல படியில விழுந்துட்டா" என்பார்கள். சித்தி உடனே, "விழல. மோதினேன்" என்று திருத்துவாள். மூன்று முறை திருத்தினாள். நான்காவது முறை யாரும் பார்க்க வரவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மோட்டார் சைக்கிள் ஷோரூமில் பதினோரு வருடமாக வேலை. அடையாள அட்டையில் ஏதோ பெரிய பதவியாகப் போட்டிருக்கும். ஊருக்கு அவள் டெஸ்ட் ரைடு அக்கா. வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களின் லைசன்ஸைச் சரிபார்ப்பது, படிவத்தில் கையெழுத்து வாங்குவது, சாவியைக் கொடுப்பது, திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதுதான் அவள் வேலை.

நான் ஆறு வருடம் வெளிநாடுகளில் பழம் பறித்து, பாத்திரம் கழுவி, படுக்கை விரித்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன். வீட்டில் எனக்கு நாடோடி என்று பெயர். ஒரே அறையில் பத்து நாள் தூங்கினால் எனக்குச் சுவர் நெருங்கி வருவதுபோல் இருக்கும். சித்தியின் ஷோரூம் கண்ணாடிக்குள் அந்த வண்டியைப் பார்த்ததும், இதில் ஏறிப் போய்விடலாம் என்று தோன்றியது.

உருண்டை விளக்கு, நீர்த்துளி போன்ற பெட்ரோல் டேங்க், வரிவரியாகத் தைத்த சீட், ஒற்றை வட்ட மீட்டர். பார்த்தால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டி. உள்ளே எல்லாம் இன்றைக்கு வந்த பொறி. முதல் வேலையில் சேர்ந்தவன் தைரியமாக நினைத்துப் பார்க்கக்கூடிய விலை. அதனால் எந்தத் தெருவில் நின்றாலும் அதுதான் போனது. ஓட்டியவர்கள் எல்லோரும் இருபதைச் சுற்றிய வயதுக்காரர்கள். தாங்கள் பிறப்பதற்கு முன்னால் இருந்த காலத்தின்மேல் உட்கார்ந்து போனார்கள்.

"சித்தி, எனக்கு அது வேணும்."

"வேற எது வேணாலும் கேளு. அது வேண்டாம்."

"ஏன்?"

"பிரேக் சரியில்ல."

மறுநாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, அதே வண்டியின் முன்னால் நின்று ஒருவனிடம், "பிரேக்கு, ரெண்டு விரல் போதும் தம்பி, சொன்ன இடத்துல நிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். தெருவில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால், பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிற்பாள். சத்தம் தூரத்தில் போய்க் கரைந்த பிறகுதான் கை அசையும். யாராவது வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டால், பால்கனிக்கு ஓடிப் போய் எட்டிப் பார்ப்பாள். ஓட்டி வந்தவன் இறங்கி நடப்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே வருவாள். ஒருநாள் கேட்டேன்.

"யாரைத் தேடறே?"

"யாருமில்ல. சத்தம் பட்டுனு நின்னா ஒரு மாதிரி இருக்குடி."

அடுத்த வியாழக்கிழமை ஷோரூமில் அவளுக்காகக் காத்திருந்தேன். மாலை நான்கு மணி வாக்கில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். விரல்கள் எல்லாம் கீறல், இரண்டு விரலில் பிளாஸ்டர். விற்பனைக்காரர்களில் ஒருவன் மெதுவாக, "அக்கா, வியாழக்கிழமை வந்துடுச்சு" என்றான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சித்தி எழுந்தாள். அவள் உதட்டில் நிறமே இல்லை.

"கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்களேன், மேடம்."

அவள் அந்த வண்டியைக் கிளப்பினாள். அவர் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று கேட்டார். தட், தட், தட் என்று கண்ணாடிக் கதவுகள் அதிர்ந்தன. இரண்டு நிமிடம் இருக்கும். "போதும்" என்றார். அவள் அணைத்தாள். யாரோ கூப்பிட, வேகமாகப் போய்விட்டாள். அவர் தண்ணீர் குடிக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வண்டி எடுக்கப் போறீங்களா சார்?"

"எனக்கு சைக்கிளே ஓட்ட வராதும்மா" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். முன்பின் தெரியாத பயணிகளிடம்தான் மனிதர்கள் இப்படிச் சொல்வார்கள். நான் பயணி என்பது என் முகத்தில் எழுதியிருக்கிறது போல.

அவருக்குக் கண்ணாடி வெட்டும் தொழில். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகன் இதே இடத்திலிருந்து போன் செய்து, "அப்பா, சத்தம் கேக்குதா?" என்றிருக்கிறான். "நான் பெரிய கண்ணாடிப் பலகைல கோடு இழுத்துக்கிட்டிருந்தேன். பாதியில நிறுத்தினா கோணலா உடையும். 'வேலையப் பாருடா'ன்னுட்டு வச்சுட்டேன். முடிச்சதும் மனசு கேக்கல. நானே கூப்பிட்டேன். எடுக்கல. ஆறு தடவ கூப்பிட்டேன். அவன் ஓட்டிக்கிட்டிருந்திருக்கான். போன எடுக்கப் போய், பாலத்துல லாரிக்கு முன்னாடி..." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வேகமா வேற போனான்னு போலீஸ்ல சொன்னாங்க. என் வீட்டுக்காரி அன்னையிலருந்து எங்கிட்டப் பேசறதில்ல. நியாயம்தானே. அவன் கேக்கச் சொன்ன சத்தத்த வாரம் ஒருக்கா வந்து கேட்டுட்டுப் போறேன்."

வீட்டுக்கு நடக்கும்போது சித்தியிடம் இதைச் சொன்னேன். பாவம் என்றுதான் சொன்னேன். அவள் பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன எடுக்கப் போயா? அப்படியா நினைச்சுக்கிட்டிருக்காரு?"

"ஆமா. ஏன்?"

"போன் எங்கிட்டல்ல இருந்துச்சு."

அப்புறம் நிறுத்தாமல் பேசினாள். தான் யார் என்பதை அவர் முதல் வியாழக்கிழமையே அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று போன இரண்டு பேர் அரைநாள் ஊர் சுற்றிவிட்டு வந்தார்கள். மேனேஜர் குதித்தார். அதற்கு வழி கண்டுபிடித்தது சித்திதான். ஒன்று, போனை வாங்கி டிராயரில் வைத்துக்கொள்வது. லைசன்ஸை விட்டுவிட்டு ஓடுவான், போனை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டான். இன்னொன்று, ஓட்டிப் பார்க்கும் வண்டியில் காலையில் அரை லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றுவது. ஐந்து ரவுண்டுக்குச் சரியாக வரும். ஆனால் அரை லிட்டரில், பெட்ரோல் தீரப்போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எப்போதும் எரியும். வந்தவர்கள், "என்னங்க, புது வண்டியில ரிப்பேரா?" என்று கேட்டார்கள். அதனால் மீட்டரில் அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப்பை அளவாக வெட்டி ஒட்டினாள். ஒட்டியதே தெரியாது. மேனேஜர் கூட்டத்தில் கை தட்டச் சொன்னார். மற்றக் கிளைகளிலும் அப்படியே செய்தார்கள்.

"அவன் அன்னைக்கு அஞ்சாவது ஆளு. திரும்பற எடத்துல திரும்பாம நேரா பாலத்துப் பக்கம் போயிட்டான். சந்தோஷம்டி, வேறென்ன. டிராயருக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பான்னு வந்துச்சு. நான் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அடிபட்ட வண்டியை ஷோரூம் முற்றத்தில் கொண்டுவந்து போட்டபோது சித்திதான் முதலில் பார்த்தாள். டேங்க் காய்ந்திருந்தது. விழுந்ததில் கொட்டியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். கியர் நியூட்ரலில் இருந்தது. வேகமாகப் போகிற வண்டி நியூட்ரலில் இருக்காது. பெட்ரோல் தீர்ந்து இஞ்சின் நின்றுபோய், கையால் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பின்னால் வந்த லாரி அடித்திருக்கிறது. யாரையும் உதவிக்குக் கூப்பிட அவனிடம் போன் இல்லை. வண்டியைச் சோதிக்கும் ஆய்வாளர் வருவதற்குள் சித்தி அந்த டேப்பை நகத்தால் உரித்துவிட்டாள். மேனேஜர் சொன்னபடி போனை, வண்டியோடு வந்த அவனுடைய மற்றப் பொருள்களோடு பையில் போட்டுப் போலீஸிடம் கொடுத்துவிட்டாள்.

"சொல்லிடு சித்தி."

"வேலை போகும். போனாப் போகட்டும். ஜெயில்னாலும் சரி. அவரு மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது?"

"அவரு, தான்தான் கொன்னோம்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

"அதான் சொன்னியே" என்றாள் கோபமாக. "எத்தன தடவ சொல்லுவே?"

அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் போன் அடித்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒருநாள் காலையில், அவன் எப்படி இருப்பான் என்று கேட்டேன். முகம் நினைவில் இல்லை என்றாள். "ஹெல்மெட் மாட்டிக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, 'ரெண்டே நிமிஷம்க்கா'ன்னான். கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. இப்பப் போறவன் வர்றவன் எல்லாருக்கும் அந்தக் கண்ணா இருக்கு."

வியாழக்கிழமை நானும் போனேன். அவர் வந்து வழக்கம்போல் கேட்டார். சித்தி சாவியைத் தொடவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் சார். பின்னாடி வாங்க, பேசணும்."

வண்டி கழுவும் முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் அவர் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். பெட்ரோல், டேப், நியூட்ரல், போன். ஒன்றையும் விடவில்லை. யோசனை தன்னுடையதுதான் என்பதை முதலிலேயே சொன்னாள்.

"போன் உங்ககிட்டயா இருந்துச்சு?"

"என் டிராயர்ல, சார்."

"நான் கூப்பிட்டப்ப?"

"ஆறு தடவயும்."

"அப்ப அவன் எடுக்கப் பார்க்கல."

"இல்ல சார்."

"எடுக்கவே முடியாது. கையிலயே இல்ல." இதையே வேறு வேறு விதமாக நான்கைந்து முறை சொன்னார். தோள்கள் மெல்ல இறங்கின. ஆறுதல் அடைகிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது நிமிர்ந்தார்.

"எட்டு மாசமா நீங்கதானே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினீங்க?"

"ஆமா சார்."

"ஒவ்வொரு வாரமும். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு."

"ஆமா."

அவர் அடித்துவிடுவார் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்குப் போலீஸ்ல இத எழுதிக் குடுக்கணும்" என்றார். சித்தி தலையசைத்தாள். "இப்ப வீட்டுக்கு வாங்க. நான் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா. தப்பிச்சுக்கறதுக்காக நானே கட்டிச் சொல்றேன்னு நினைப்பா."

பஸ்ஸில் மூன்று பேரும் தனித்தனியாக நின்றபடி போனோம். அவர் வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பலகைகளும் முகம் பார்க்கும் கண்ணாடிகளும் சாய்த்து வைத்திருந்தன. நாங்கள் மூன்று பேர்தான் உள்ளே நுழைந்தோம். கண்ணாடிகளில் நிறையப் பேர் எங்களோடு வந்தார்கள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

உள்ளறையில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கணவர் வந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. "இவங்க ஷோரூம்லருந்து வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கணவர் கதவோரம் நின்றுகொண்டார். சித்தி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அந்த அம்மா கையை நிறுத்தவில்லை. துண்டு, போர்வை, தலையணை உறை. சித்தியின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சொல்லி முடித்த பிறகு அறையில் துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க நின்னுச்சு வண்டி?"

"பாலத்து ஏத்தத்துலங்க."

"ஏத்தத்துலயா? வெயில் இருந்துச்சா?"

"மூணு மணிங்க. இருந்துச்சு."

"அத உருட்டிக்கிட்டா வந்தான்? எவ்ளோ கனம் இருக்கும் அது?"

பதினோரு வருடமாக நாளுக்குப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். "நூத்தி எண்பத்தோரு கிலோ" என்றாள் சித்தி சட்டென்று. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். கதவோரம் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டு வாடான்னா மூணு எட்டுக்கு ஒருதடவ இறக்கி வைப்பானே. இல்லீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு எட்டுக்கு" என்றார்.

எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. சித்தி நின்றுகொண்டேயிருந்தாள்.