எப்சி சின்னம்மாவின் ஆங்கிலம்

"சாப்ட்டியா?" என்று கேட்டால் எப்சி சின்னம்மா ஒருநாளும் "ஆச்சு" என்று சொன்னதில்லை. "இன்னா சாப்ட்டேன்னு கேளு" என்பாள். பழைய சோறென்றால் பழைய சோறு, ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லை. அப்படியே சொல்வாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அவள் தையல் மிஷினில் இருந்தாள். பகல் சாப்பாடு கம்பெனி கேன்டீனில். அதற்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். 2001இல், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர்களின் நிலைமையைப் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலை மேனேஜர் இன்பசேகரன் பெண்களை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். கேட்டால் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "ஃபுட் வெரி குட்."

"சார், ஃபுட்னா இன்னா?" என்றாள் சின்னம்மா.

"சாப்பாடும்மா."

"இன்னிக்கு போட்டீங்களே புழு அரிசி, அதுவும் ஃபுட்டா?"

பக்கத்து மிஷின் அக்தரி பேகம் அவள் கையைக் கிள்ளினாள். "சும்மா இருடி. கறி போட்டோம்னு அதுக்கும் சம்பளத்துல புடிச்சிடப் போறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இன்பசேகரன் சிரிக்கவில்லை.

"பேஜார் பண்ணாத எப்சி. அடுத்த மாசம் உன்ன பர்மனன்ட் பண்றதா இருக்கு. பண்ணணுமா, வேணாமா?"

ஏழு வருடமாக அவள் காத்திருந்த பேச்சு அது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பிரியாணி, முட்டை, கேசரி. சாப்பிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்ததும், வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி சின்னம்மாவிடம்தான் வந்து நின்றாள்.

"ஃபுட் குட்?"

பின்னால் நின்ற இன்பசேகரன் தலையை ஆட்டிக் காட்டினார்.

"டுடே ஃபுட் குட்," என்றாள் சின்னம்மா. "எஸ்டர்டே நோ ஃபுட்."

நேற்று இவள் லீவு என்று இன்பசேகரன் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார். அதில் லீவு மட்டும் அக்தரிக்குப் புரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"நோ லீவ் மேடம். நானும் வந்தேன். நோ ஃபுட்."

அடுத்த வாரம் இருவரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் அரிசி மாறியது. வாரம் ஒரு முட்டையும் போட்டார்களாம்.

அது துணிச்சலா, வெறும் கோபமா? எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய எனக்கு இன்றும் பிடிபடவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"வேற பொய்யா இருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். "அத சோறுன்னு சொல்லச் சொன்னாங்க பாரு."

அக்தரி பேச்சை எடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "உனுக்கு ஒரு வேல வாங்கித் தராம வுடமாட்டேன்க்கா" என்று அந்தக் கேட்டில் நின்று சின்னம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனி சின்னம்மாவை எடுத்துக்கொண்டது. சேர்ந்த அன்றே அக்தரிக்காகக் கேட்டாள். வயசு ஜாஸ்தி என்றார்கள். ஆள் எடுக்கும்போதெல்லாம் போய் நின்று கேட்டாள், திட்டும் வாங்கினாள்.

போன வருடம் மஞ்சள் காமாலையில் சின்னம்மா போய்விட்டாள். அக்தரி வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள்.