குன்னூர் குவாரிக் குளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்

என் மனைவி மல்லிகாவுக்கு ஒரு பழக்கம். எங்கே தண்ணீரைக் கண்டாலும் காலை நனைக்காமல் திரும்ப மாட்டாள். வாய்க்காலோ கடலோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். போன வருஷம் வலது முழங்கால் ஆபரேஷன் ஆனதோடு அது நின்றுபோனது. டாக்டர் தாராளமாக நடக்கலாம் என்று சொல்லி ஏழு மாதம் ஆகியும் கைத்தடியை விடவில்லை. சரிவைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவாள். "இந்தக் காலு என்னுதாட்டவே இல்லீங்க" என்பாள்.

கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் தேங்கி ஏரியாகிக் கிடக்கும் ஒரு போட்டோவை நண்பர் காட்டினார். குன்னூர் பக்கம் என்றார். பொங்கல் கூட்டம் வடிந்ததும், ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டோம்.

கோவையில் காலை 5.40க்கு ஊட்டி பஸ். குன்னூரில் இறங்கும்போது மணி 8.35. பஸ்ஸில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கும் தொல்லை இல்லை, சொந்தக் காரில் வருகிறவர்கள் முதலிலேயே எடுத்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லி, வர்க்கி, டீ, இரண்டு பேருக்கும் சேர்த்து 130 ரூபாய். வர்க்கியை டீயில் முக்கித்தான் தின்ன வேண்டும். கடித்துப் பார்த்து என்னைப் போல் பல்லைச் சோதிக்காதீர்கள்.

ஜீப்புக்குப் போய்வர 1,400 ரூபாய் பேசினோம். டிரைவர் பெயர் ஆரோக்கியம், ஐம்பது வயதிருக்கும். குவாரி என்றதும் திரும்பிப் பார்த்தார். "நான் அங்கதானுங்க சார் பன்னெண்டு வருஷம் வெடி வெக்கறதுக்குப் பாறையில குழி போட்டேன். மூடுனதுக்கப்புறம்தான் ஜீப்பு" என்றார். நமக்கு வேறென்ன வேண்டும், நல்ல ஆளாகத்தான் மாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோத்தகிரி ரோட்டில் பதினொரு கிலோமீட்டர். பிறகு தேயிலைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மொத்தம் ஐம்பது நிமிஷம். தண்ணீரை ஒட்டிய மேட்டில் இறங்கிப் பார்த்தால் மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். பாறை முழுக்க மேலிருந்து கீழே நேர்கோடாகத் துளைத்த தடங்கள். அதில் ஒரு வரிசையைக் காட்டி, "அது நான் போட்டதுங்க" என்றார் ஆரோக்கியம். மல்லிகா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கிணற்றில் குதித்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீருக்குள் ஒரு படி தெரிந்தால், அதற்குக் கீழே அடுத்த படி கட்டாயம் இருக்கும். இங்கேயும் கரையோரம் முழங்கால் ஆழத்தில் பாறை படிபோலத் தெரிந்தது. "நான் முன்னால எறங்கறேன், நீ என் கையப் புடிச்சுட்டு வா" என்று பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் படி இருந்தது. இரண்டாவதற்குக் காலை நீட்டினேன். பாசி வழுக்கியது, அடியில் ஒன்றுமே இல்லை. இடுப்பு வரை போனவனை ஆரோக்கியம் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

அவருக்குக் கோபம். மல்லிகாவின் தடியை வாங்கி, நான் கால் நீட்டிய இடத்தில் விட்டுக் காட்டினார். கைப்பிடி வரை முங்கியும் தரை தட்டவில்லை. "இது படி இல்லீங்க சார், பெஞ்சு. பாறையத் தட்டுத் தட்டா வெட்டுவோம். ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இருவதடி."

மல்லிகா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "போலாங்க. பாத்தாச்சில்ல" என்றாள். இனி இவள் ஜென்மத்துக்கும் தண்ணீர்ப் பக்கம் வரமாட்டாள், கெடுத்தது நான்தான் என்று நினைத்தேன். அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

ஆரோக்கியம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காவுக்குக் கால நனைக்கோணும், அவ்வளவுதானுங்களே? வாங்க" என்று அதே கரையின் மறுகோடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய மண்ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. குழிக்குள் லாரி இறங்கிய வழியாம். "லோடு வண்டி ஏறோணும்னு நாங்களே ஜல்லி போட்டுக் கெட்டிப்படுத்துனது. பாருங்க, சரிவு கொஞ்சங்கொஞ்சமாத்தான் எறங்கும்."

சரிவு என்றதும் மல்லிகா நின்றாள். ஆரோக்கியம் செருப்பைக் கழற்றி, முழங்கால் ஆழத்தில் போய்க் குறுக்கே நின்றுகொண்டார். "நான் நிக்கறதத் தாண்டாதீங்க அக்கா. அதுக்கு இந்தப் பக்கம் பூரா ரோடுதான்."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஓர் அடி. நின்றாள். இன்னோர் அடி. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

"ஏனுங்க, கைய விடுங்க."

"வழுக்கும் மல்லிகா."

"வழுக்குனது நீங்க."

விட்டேன். தனியாக நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "ஜில்லுனு இருக்குதுங்க. ரெண்டு காலுலயும்."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நீந்தாதீர்கள், எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும். இடம் தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் கரைக்கே போகாதீர்கள். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள், மூன்றுக்கு மேல் பனி இறங்கினால் கரையே தெரியாது. பிளாஸ்டிக் பாட்டில் மலையில் கூடாது, வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். மாற்றுத்துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஈரப் பேண்ட்டோடுதான் ஊர் திரும்பினேன்.

திரும்பும் பஸ் மலையிறங்கிப் பர்லியார் தாண்டும்போதுதான் கைத்தடி ஜீப்பிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. பதறிப்போய் ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். கோவைக்கு வரும் காய்கறி வண்டியில் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். மல்லிகா போனை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாங்க. உங்க சீட்டுக்கடியிலயே கெடக்கட்டும். எங்கூட்டுக்காரராட்ட இன்னும் யாராச்சும் வருவாங்க, ஆழங்காட்டறதுக்கு ஆகும்."