நீங்கள் விரும்பிய சாரி

காத்தான்குடியில் நுஸ்ராவைப் போலச் சந்தேகம் பிடித்த இன்னொருத்தியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மீன்காரர் "இண்டைக்குப் பட்ட மீன்" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதோடு விடமாட்டாள், தோணி எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்றும் கேட்பாள். பேசி வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரைக் கேள்வி கேட்டே துரத்திவிட்டாள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. வயது முப்பத்தாறாகிவிட்டது. அதற்காக யாராவது இரக்கப்பட்டால், அந்த இரக்கம் எதற்காக என்று யோசிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். கடைக்காரர்கள் சொல்லும் விளம்பரத்தை ஒரே தட்டில் ஆயிரக்கணக்கான போன்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவைப்பது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், ஒரு பச்சைப் பைல். தொலைபேசிக் கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருந்தன. போனில் நம்பருக்குப் பதிலாகத் தெரியும் கடைப் பெயரைப் பதிய வேண்டும், அதற்கு வியாபாரப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். விளம்பரம் வாங்குகிறவர் சம்மதித்திருக்க வேண்டும். "வேண்டாம்" என்பவர் எப்படி நிறுத்துவது என்பது ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும். மற்றவர்கள் இதையெல்லாம் தலையிடி என்பார்கள். நுஸ்ராவுக்கோ தன் குணத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு சட்டமாக்கிவிட்டது போல ஒரே சந்தோஷம்.

சாரிக்கடை மீராசாஹிப் ஹாஜியார் ஒருமுறை எங்கிருந்தோ இரண்டாயிரம் நம்பர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் நமக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான் தங்கச்சி" என்றார். "தெரிஞ்சா காணாது ஹாஜியார். சம்மதம் எழுத்தில இரிக்கா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மறுகா, சில நாள் கழித்து, அவர் சம்மதப் படிவம் அச்சடித்து, கையெழுத்தோடு கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தபோதுதான் வேலையை எடுத்தாள். கையெழுத்து இருந்தால் அவளுக்குப் போதும். அந்த இடத்தில்தான் அவளுடைய சந்தேகம் நித்திரைக்குப் போகும்.

வைகாசி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் கம்பனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மீரா டெக்ஸ் என்ற பெயரில் ஒரு நம்பருக்குச் சம்மதமில்லாமல் தொடர்ந்து விளம்பரம் போகிறதாம், நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லையாம். கட்டாரிலிருந்து ஷாமில் என்பவர் குடும்பத்தின் சார்பில் முறைப்பாடு செய்திருந்தார். ஏழு நாளுக்குள் சம்மதத்துக்கான ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும், தவறினால் நுஸ்ராவின் கணக்கு மூடப்படும். விளக்கத்தின் பிரதி முறைப்பாட்டாளருக்கும் அனுப்பப்படும்.

கணக்கு மூடினால் மீரா டெக்ஸ் மட்டுமல்ல, இருபத்திரண்டு கடைகளும் போய்விடும். ஒன்பது வருஷத்து உழைப்பு.

முதல் சந்தேகம் ஹாஜியார் மேல், கட்டுக்குள் களவாக நம்பர் செருகியிருப்பார். இரண்டாவது சந்தேகம் ஏறாவூரில் இதே தொழில் செய்யும் நிஸ்தார் மேல், ஆள் வைத்து முறைப்பாடு போட்டிருப்பான். பைலைப் புரட்டினாள். நம்பர் இருந்தது. பெயர் முகைதீன்பாவா, வாவிக்கரைப் பக்கத்து விலாசம். "சாரிக்கடை விளம்பரம் பெறச் சம்மதம்" என்ற கட்டத்தில் சரி அடையாளம், கீழே நீலப் பேனைக் கையெழுத்து. எல்லாம் ஒழுங்கு. அப்படியென்றால் நிஸ்தார்தான்!

அந்த நம்பருக்கு அழைத்தாள். யாரோ எடுத்தார்கள். "ஹலோ, ஹலோ" என்று இவள் கத்தினாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். வாய் திறக்கப் பயப்படுகிற ஆள் கள்ளனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். "முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறோம்" என்று ஒரு கடிதத்தைத் தட்டெழுதி, படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை உதைத்தாள்.

கதவைத் திறந்தது கள்ளனில்லை. இருபத்தைந்து வயதுப் பெண், பெயர் றிஸானா, முகைதீன்பாவாவின் மகள். நுஸ்ரா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"கையெழுத்து வாங்கவா வந்தீங்க? நிப்பாட்டச் செல்லி மூணு தரம் அனுப்பினமே, அப்ப எங்க போயிருந்தீங்க ராத்தா?"

"ஒண்டும் வரல்லயே. கீழ போட்டிரிக்கிமே, நோ எண்டு அடிச்சி அனுப்புங்க எண்டு."

"மௌத்தான ஆளுக்கு நோ எண்டா அடிக்கிற?"

றிஸானா போனைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று செய்திகள், மூன்று தேதிகள். மூன்றிலும் இங்கிலீசு எழுத்தில் "வாப்பா மௌத்" என்று இருந்தது. எம், ஓ, யூ, டி, எச். இந்த ஊரில் யாரிடம் காட்டினாலும் மரணம் என்று விளங்கி உடனே இன்னாலில்லாஹி சொல்லுகிற வார்த்தை. நுஸ்ராவின் கம்பியூட்டருக்கு அது இங்கிலீசில் வாய். நோ தவிர்ந்த எல்லாப் பதிலையும் ஒரு மூலையில் தள்ளும்படி அதற்குச் சொல்லிவைத்தவள் அவள்தான். அந்த மூலையில் வைரஸ் வரும் என்று சந்தேகப்பட்டு ஒருநாளும் அவள் திறந்து பார்த்ததில்லை.

முகைதீன்பாவா நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை காலமாகியிருந்தார். அவருடைய மனைவி ஆமினா உம்மா, கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். கட்டாரிலிருந்து மகன் ஷாமில் பேசுவது அந்த நம்பருக்குத்தான், அதனால் சிம்மைக் கழற்றவும் முடியாது. இத்தாவில் வேற்று ஆணோடு பேசக்கூடாது என்று, போனை எடுத்து உம்மா முதலில் குரலைக் கேட்டுப் பார்ப்பாராம், தெரியாத குரலென்றால் வைத்துவிடுவாராம். காலையில் கேட்ட மூச்சு அவருடையதுதான்.

நுஸ்ரா குறுகிப்போனாள். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. பதிலைக் கவனிக்காதது பிழைதான், ஆனால் சம்மதமில்லாமல் அனுப்பினேன் என்பது பொய்யல்லவா? படிவத்தை நீட்டினாள். "இது வாப்பாட கையெழுத்துத்தானே புள்ள?"

றிஸானா பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அதற்குள் அறைச் சீலையை விலக்கிக்கொண்டு வெள்ளை உடுத்த ஆமினா உம்மா வந்தார். படிவத்தை வாங்கி, எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"அப்ப சாரிக்கடைக்கிப் போயித்தான் இரிக்காரு" என்றார்.

"ஓம் உம்மா, அவராத்தான் சம்மதிச்சி..."

"கலியாணம் முடிச்சி முப்பத்திரண்டு வருஷம். அவரா ஒரு சாரி எடுத்துத் தந்ததில்ல. கடைக்குள்ள போகக் கூச்சம் எண்டு நெனச்சிருந்தன்." உம்மாவின் குரல் இறங்கியது. "ஆரு புள்ள அவள்?"

நுஸ்ராவுக்கு முதலில் விளங்கவில்லை. றிஸானா போனில் வந்திருந்த விளம்பரத்தைத் திறந்து காட்டினாள். "அன்பின் முகைதீன்பாவா, நீங்கள் விரும்பிய சாரிகள் வந்துவிட்டன. மீரா டெக்ஸ்." ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே செய்தி. பெயர் போட்டு எழுதினால் ஆட்கள் ஆசையாகத் திறப்பார்கள் என்று அந்த வசனத்தை எழுதியவள் நுஸ்ரா. அதைப் படித்துப் படித்து, இத்தாவில் தனியாக இருந்த இந்த மனிசி, மண்ணுக்குள் போன புருஷனுக்கு ஒரு கள்ளக் குடும்பத்தையே கட்டியெழுப்பிவிட்டார். இப்போது கையெழுத்தோடு சாட்சியும் வந்துவிட்டது. கொண்டுவந்தது நுஸ்ராவேதான்.

அவள் படிவத்தைத் திரும்ப வாங்கி முதல் தடவையாக மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். தேதி முத்திரை மார்கழி இருபத்தாறு. போன் கலண்டரில் பார்த்தாள். வெள்ளிக்கிழமை! வெள்ளிக்கிழமை காத்தான்குடியில் எந்தச் சாரிக்கடை திறந்திருக்கும்? ஊரே அடைத்துக் கிடக்கும் நாளில் இந்த மனுசன் எந்தக் கடைக்குள் போய்க் கையெழுத்து வைத்தார்? ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டவள், தன் பைலுக்குள் இருந்த தேதியை ஒருமுறையும் சந்தேகப்படவில்லை.

அங்கேயே நின்று ஹாஜியாரின் கடையில் வேலை செய்யும் முப்லிஹாவுக்கு அழைத்தாள். முப்லிஹா வெள்ளந்தி, கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"அண்டைக்குக் கடை பூட்டுத்தானே ராத்தா. ஜும்ஆத் தொழுகை முடிஞ்சி வாற ஆக்களுக்குப் பள்ளிச் சந்தியில மேச போட்டுத் தொழுகை நேரக் கலண்டர் குடுத்தம். கலண்டர் வேணுமெண்டா பேரும் நம்பரும் எழுதிக் கையெழுத்து வைக்கணும் எண்டு ஹாஜியார் சென்னாரு. அந்தச் சரி அடையாளம் நான்தான் மறுகா கடையில இரிந்து போட்ட."

ஸ்பீக்கரில் உம்மாவும் கேட்டார். ஆனால் முகம் தெளியவில்லை.

"கடுதாசியக் கொண்டுவந்ததும் நீங்க. இப்ப அது பொய் எண்டு செல்றதும் நீங்க. என்னய ஆறுதல்படுத்தச் செல்றீங்களோ, ஆருக்குத் தெரியும்? கம்பனியில இரிந்து ஷாமிலுக்குக் கடுதாசி வரும்தானே. அதுல என்ன எழுதியிருக்கோ, அதத்தான் நான் நம்புவன்."

நுஸ்ராவுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். வாபஸ் கடிதத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலேயே வீடு திரும்பினாள்.

விஷயம் கேள்விப்பட்டு ஹாஜியார் ஓடிவந்தார். "தங்கச்சி, கையெழுத்து அசல்தானே? அந்தப் படிவத்த அப்பிடியே அனுப்பிவிடுங்க. ஆளும் மௌத்து. ஆரு வந்து கேக்கப்போறா?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் கொடுமை. படிவத்தை மட்டும் அனுப்பினால் கணக்கு தப்பும். "மேற்படி முகைதீன்பாவா சாரிக்கடை விளம்பரத்துக்குத் தாமே சம்மதித்தார்" என்று கம்பனித் தலைப்பிட்ட கடிதம் ஷாமிலுக்குப் போகும், ஆமினா உம்மா சாகும்வரை அதை நம்புவார். உண்மையை எழுதினால் மனுசனின் பேர் தப்பும். கூடவே, அன்றைக்கு வாங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு சம்மதமும் செல்லாது என்று நுஸ்ரா தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் வேறு என்ன தொழிலுக்குப் போவது என்ற பயம் ஒரு பக்கம். வெள்ளைச் சீலையும் "ஆரு புள்ள அவள்" என்ற கேள்வியும் ஒரு பக்கம்.

மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினாள். முகைதீன்பாவா சாரிக்கடைக்கு வரவில்லை. அன்று கடை பூட்டியிருந்தது. பள்ளிவாசலால் வரும் வழியில் தொழுகை நேரக் கலண்டர் ஒன்றுக்காகக் கையெழுத்து வைத்தார். விளம்பரத்துக்கான அடையாளம் பிறகு வேறொருவரால் இடப்பட்டது. "நீங்கள் விரும்பிய" என்ற வசனம் என்னுடையது, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போனது, அவர் எதையும் விரும்பிக் கேட்கவில்லை. அவர் காலமான செய்தியைக் குடும்பத்தார் மூன்று தடவை எங்கள் ஊர்ச் சொல்லில் அறிவித்தார்கள், நான் பார்க்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

நான்காம் நாள் கணக்கை நிறுத்திவிட்டார்கள். எல்லாச் சம்மதத்தையும் புதிதாக எடுத்து, சோதித்து, ஆறு மாதத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாமாம். ஹாஜியார் படலையில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனார். பதினேழு கடைக்காரர்கள் நிஸ்தாரிடம் போய்விட்டார்கள்.

அடுத்த கிழமை பகல் றிஸானா அழைத்தாள்.

"ராத்தா, கம்பனிக் கடுதாசிய ஷாமில் நானா அனுப்பியிருந்தாரு. உம்மாக்கு வாசிச்சிக் காட்டின. திரும்பவும் வாசி, திரும்பவும் வாசி எண்டு மூணு தரம் கேட்டா."

"மறுகா என்ன சென்னா?"

"மௌத்தான அண்டைக்கு அழுத மனிசி, அந்த மெசேஜக் கண்ட நாளிலிரிந்து வாப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. இப்ப வாப்பா உடுத்திரிந்த சாரத்த மடியில வெச்சிக்கிட்டு அழுறா. காலையிலிரிந்து அழுறா ராத்தா. நான் தடுக்கல்ல."

பின்னால் ஆமினா உம்மாவின் அழுகை கேட்டது. நுஸ்ரா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவளும் அழுதாள்.