வட்டத்தை இரண்டு முறை சுற்றிய பேருந்து

டிப்போவில் அவருக்கு உலுக்கி என்று பெயர். அவர் பிரேக் போட்டால் பின் சீட்டுக்காரர் முன் சீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடுவார் என்பார்கள். ஏழு மாதக் குழந்தை பராமரிப்பு விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் ஓட்டுவதைப் பார்க்க, மேற்பார்வையாளர் அம்மாள் ஒரு நடை கூடவே வருவதாக ஏற்பாடு. அம்மாள் தாளில் ‘சரி’ போட்டால் காலை ஷிப்ட். இல்லையென்றால் மாற்று ஓட்டுநர் பட்டியல். எந்த நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும். மகளை விடும் குழந்தைகள் காப்பகத்தை மாலை நாலேகாலுக்குப் பூட்டிவிடுவார்கள். மனைவிக்கு ஆய்வகத்தில் ஐந்தரை வரை வேலை. காலை ஷிப்ட் கிடைக்காவிட்டால் மகளைக் கூட்டிவர ஆளில்லை.

“மாப்ள, பிரேக் எந்தக் காலுன்னு ஞாபகம் இருக்கா?” என்றார் சக ஓட்டுநர்.

“பால் புட்டி எந்தக் கைன்னு கேளு, சொல்றேன்.”

மேற்பார்வையாளர் முதல் இருக்கையில் மடியில் தாளோடு உட்கார்ந்தார். சிரித்துப் பழக்கமில்லாத முகம். வண்டி கிளம்பியது. ஏழு மாதம் தள்ளுவண்டியைத் தள்ளித் தள்ளி மகளைத் தூங்கவைத்த கைகள். வேகத்தடையில் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டுத்தான் வண்டி நின்றதே பயணிகளுக்குப் புரிந்தது. ஆறாவது நிறுத்தம் தாண்டி உலுக்கி கண்ணாடியில் பார்த்தபோது, அம்மாளின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. பேனா தரையில் கிடந்தது.

கடைசி நிறுத்தம் ஒரு ரவுண்டானாவை ஒட்டி இருந்தது. நிறுத்தினால் முழிப்பு வந்துவிடும் என்பது உடம்பில் ஊறிய பாடம். அவர் யோசிப்பதற்குள் கை ஸ்டியரிங்கை வளைத்துவிட்டது. வண்டி நிறுத்தத்தைத் தாண்டி இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியது.

“அண்ணே, இங்கதான இறங்கணும்?” என்று காய்கறிப் பையோடு ஒரு பெண் எழுந்து வந்தாள்.

உலுக்கி உதட்டில் விரல் வைத்தார். “மெதுவா பேசும்மா. இப்பதான் கண்ணசந்திருக்காங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “யாரு, உங்க ஆபீசரா? நல்லா பார்த்துக்கிறீங்கண்ணே.” அவள் சிரிப்பில் மேற்பார்வையாளர் விழித்துக்கொண்டார்.

“ஏன் ரெண்டாவது சுத்து?”

பொய் எதுவும் கைவசம் இல்லை. “நிறுத்தினா முழிச்சுக்குவீங்க மேடம். வீட்ல பாப்பா அப்படித்தான்.”

அம்மாள் பேனாவைத் தேடி எடுத்தார். “நான் பார்த்தது ஆறு நிறுத்தமும் நாலு நிமிஷத் தாமதமும்தான். அதை எழுதினா நீங்க மாற்றுப் பட்டியல்ல. எழுதவா?”

உலுக்கி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, காய்கறிப் பையோடு நின்ற பெண்ணையும் மற்றவர்களையும் இறக்கிவிட்டார்.

“திருப்பி எடுங்க. இந்தத் தடவை நான் நின்னுக்கிட்டு வரேன்” என்றார் அம்மாள்.

கம்பியைப் பிடிக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வழியில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்தான். பிரேக் விழுந்தது. அம்மாள் அரை அடிகூட நகரவில்லை. டிப்போ கடிகாரத்தில் வண்டி வரவேண்டிய நிமிடத்துக்கே வந்து நின்றது.

தாளில் ‘சரி’ விழுந்தது. குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி: கடைசி நிறுத்தத்தில் நிறுத்துமாறு அறிவுறுத்தப்பட்டது.

உலுக்கி வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். “நாலு மணிக்கு நான் போறேன். தினமும் நான்தான்.”

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. “அப்பாடா. அப்படியே அவளுக்கு மாத்துச் சட்டை ரெண்டு எடுத்துட்டுப் போங்க. காலையில வைக்க மறந்துட்டேன்.”