ஐஸ் பெட்டியில் ஊறிய பார்லி

துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின் வேலை பார்ப்பவன் நான். நாள் முழுக்கக் கன்டெய்னர்கள் தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மூடிய பெட்டி வருகிறது, மூடிய பெட்டி போகிறது. வருஷக்கணக்கில் இப்படியே இருந்தால் மனிதனுக்கு ஏதாவது கிறுக்குப் பிடிக்கத்தான் செய்யும். எனக்குப் பிடித்தது பீர் காய்ச்சும் கிறுக்கு. குடிப்பதில் பெரிய ஆசை கிடையாது. ஒரே ஒரு பொருளையாவது தானியத்தில் தொடங்கிக் கடைசிவரை என் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். சட்டம் இதற்கு இடம் கொடுக்காது என்பதும் தெரியும். தெரிந்தும், பெங்களூரில் இருக்கும் பழைய சிநேகிதனிடம் சொல்லி, முளைகட்டிக் காயவைத்த பார்லியையும், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவையும், ஒரு பாக்கெட் ஈஸ்ட்டையும் வரவழைத்துவிட்டேன்.

மாடியறையில் நான் தனி ஆள். கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். அவன் குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் குடித்த குடி எங்கள் தெருவுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் வயிறு வீங்கிக் கிடந்து, பிழைப்பானா என்று நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி இப்போதும் என்னால் சரியாகப் பேச முடியாது. டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை தொட்டால் ஆள் இருக்க மாட்டான் என்று.

அதனால் அவன் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில்தான் காய்ச்சுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் பார்சல் தடைக்காலத்தில் வந்து சேர்ந்தது. மீன்பிடித் தடை என்றால் இரண்டு மாதம் படகெல்லாம் கரையில், ஆம்பளைகளெல்லாம் வீட்டில். கை சும்மா இருந்தால் கால் எங்கே போகும் என்று அண்ணிக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருப்பாள்.

மூட்டையை ஒளித்து வைக்க மனசு வரவில்லை. இந்த வீட்டில் ஒளித்து வைத்ததெல்லாம் போதும் என்றிருந்தது. அண்ணன் மாடிக்கு வந்தான், பார்த்தான், ஒரு பிடி பார்லியை அள்ளி முகர்ந்தான்.

"இன்னாடா இது?"

சொன்னேன். உடைத்த பார்லியைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும், சூடு ஒரே அளவாக நிற்க வேண்டும், அப்போதுதான் மாவெல்லாம் சர்க்கரையாகும். பிறகு வடிகட்டி, பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, கடைசியில் ஈஸ்ட் போட வேண்டும். அதன் பிறகுதான் போதை. "ஆனா நீ கடலுக்குப் போனப்புறம்தான் செய்வேன்" என்றேன்.

அவன் கடைசியில் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. "சூடு எதுல நிக்கும்? அண்டாவுல நிக்காது. என் ஐஸ் பொட்டிய எட்த்துக்கோ. குளிர வுடாத பொட்டி சூட்ட மட்டும் வுட்ருமா?" என்றான்.

அந்தப் பெட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் அவன் பங்கு மீன் அதில்தான் வீட்டுக்கு வரும். மேலே மீன், நடுவே ஐஸ், குடித்த நாட்களில் அடியில் பாட்டில். அண்ணி மூடியைத் திறந்ததும் மீனைப் பார்க்க மாட்டாள். முழங்கைவரை ஐஸுக்குள் கையை விட்டு அடியைத் துழாவுவாள். அவன் குடியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விறைத்துச் சிவந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டுதான் மீனை எடுப்பாள்.

"பொட்டி கலீஜா கீது. நான் கழுவித் தரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கிப் போனான்.

மீன் நாற்றம் லேசில் போகிற நாற்றமா? புளி போட்டுத் தேய்த்தான், சோடா உப்பு போட்டான், ஜூஸ் கடையில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளை வாங்கிவந்து தேய்த்தான், வெயிலில் காயவைத்தான். சாயங்காலம் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு மறுநாளும் தேய்த்தான். அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தான். உள்ளே வடிகட்டக் கம்பி வலை வளைத்தான். வெறும் சுடுதண்ணீரை ஊற்றி மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை விட்டபோது சூடு அப்படியே நின்றது. "யார் பொட்டி!" என்று அதன் முதுகில் தட்டினான். குடியை விட்டதிலிருந்து அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அண்ணி மாடிப்படியில் பாதி ஏறி நின்று என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, அவுரு நல்லா கீறாருன்னு நெனச்சுகினு கீற. நான் ராத்திரில பாக்கறேன். தூங்கறதில்ல. எனக்கு பயமா கீது" என்றாள். நிறுத்திவிடுகிறேன் என்றேன். நிறுத்தியும் இருப்பேன். ஆனால் அதற்குள் அண்ணன் பார்லியைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய்விட்டிருந்தான். மில்காரம்மா வழக்கம்போல் சத்துமாவுக்கு அரைக்கப் பார்த்திருக்கிறாள். மாவாகிவிட்டால் வடியாது, உமி அப்படியே இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவளிடம் சண்டை போட்டு, சும்மா ஒன்றிரண்டாக உடைத்து வாங்கி வந்திருந்தான். இவ்வளவு பாடுபட்டவனிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னிக்கு ஒத்திகைதான். கொஞ்சமா போட்டு ஊற மட்டும் வெக்கலாம்" என்றேன்.

மொட்டை மாடியில் தண்ணீரைச் சுடவைத்தோம். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று அடித்தது, கைப்பிடிச் சுவரில் சாம்பல் படிந்திருந்தது. அடுப்பைச் சுற்றிப் பழைய புடவையைக் கட்டி மறைத்தோம். உடைத்த பார்லியைப் பெட்டியில் கொட்டித் தண்ணீரை ஊற்றி மூடினோம். அந்த ஒரு மணி நேரமும் அண்ணன் பெட்டிப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். குழாயைத் திறந்தபோது முதலில் கலங்கலாக வந்தது, அப்புறம் தேன் நிறத்தில் தெளிந்தது. புதுச் சப்பாத்தி சுடும் வாசனை. மீன் வாசனை துளிகூட இல்லை.

அண்ணன் எவர்சில்வர் டம்ளரில் பிடித்தான். அண்ணி படியின் மேல் முனையில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுல போதை கீதாடா?"

"இல்லண்ணா. ஈஸ்ட் போட்டாத்தான். இப்போ இது வெறும் கஞ்சிதான்."

அவன் ஊதி ஊதிக் குடித்தான். டம்ளர் காலியானதும் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"இத்தோட நிறுத்திக்கலாமாடா?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். "பொட்டிய தேய்க்கறப்போ தெனிக்கும் நெனச்சேன். ஒரே ஒரு கிளாஸ், நம்ம கையால செஞ்சது, இன்னா ஆயிடும்னு. இத்தினி நாளும் அதுக்காவத்தான் தேய்ச்சேன். உனுக்காவ இல்ல." அண்ணி நின்ற பக்கம் அவன் திரும்பவில்லை. "ஈஸ்ட்ட என் கண்ல காட்டாத, நைனா."

அறைக்குள் போய் பாக்கெட்டை எடுத்து வந்து, அவன் பார்க்காதபடி அண்ணி கையில் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகப் படியை விட்டு மாடிக்கு வந்து பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்ததை மூன்று பேரும் குடித்தோம். சர்க்கரை போட்டாயா என்று கேட்டாள். இல்லை, தானியத்தோட இனிப்பே இதுதான் என்றேன்.

கடைசிவரை செய்து பார்க்க ஆசைப்பட்டவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மீதி பார்லியை அண்ணி உண்மையாகவே சத்துமாவாக அரைத்துவிட்டாள். அந்தத் தடைக்காலத்தை அண்ணன் குடிக்காமல் கடந்தான்.

தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய்விட்டு, பெட்டி நிறைய சங்கரா மீனோடு வந்தான். குழாயை அவன் கழற்றவில்லை. உருகின தண்ணீரை வடிக்க வசதியாக இருக்கிறதாம். அண்ணி அடியில் ஒரு பேசினை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு மூடியைத் தூக்கினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கிடந்த மீனை வாலைப் பிடித்து எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"கொழம்பா, வறுக்கட்டா?" என்று அண்ணனைக் கேட்டாள்.