படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

செந்துறைப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் புவனேஸ்வரி, விடுமுறை வந்தால் கயிறு கட்டிப் பாறை ஏறக் கிளம்பிவிடுவாள். பஸ் மாறி மலையடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிடும். முந்தின நாளே போய் அங்கேயே தூங்கி எழ, ஒரு பழைய வண்டி தேடிப் பெரம்பலூருக்கு வந்தாள். கணவன் ஜெயப்பிரகாஷும் கூட வந்தான். உயரம் என்றாலே அவனுக்குத் தலை சுற்றும். அவளோடு எந்த மலைக்கும் அவன் போனதில்லை.

பழைய வண்டி விற்கும் இடத்தில், உள்ளே நிமிர்ந்து நிற்கும்படியான பெரிய வேன் ஒன்று இருந்தது. விலைதான் அவர்களுக்கு எட்டவில்லை. பக்கத்தில் நின்ற பழைய ஆம்னி வேனில், விற்பவரிடம் பின்சீட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி ஏறிப் படுத்தாள். கோணலாகப் படுத்தால் கால் நீட்ட முடிந்தது.

"எனக்கு இது போதும்" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினான். "கொஞ்சம் தள்ளிப் படு."

"நீங்களும் வரீங்களா?"

"பாறையெல்லாம் ஏற மாட்டேன். கீழ உக்காந்து டீ போட்டு வெக்கிறேன். எறங்கி வந்தா குடிப்பல்ல?"

அவள் வண்டியின் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். இத்தனை நாளும் ஒருத்திக்கான இடத்தையே மனசில் அளந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டு பேருக்கு நெருக்கமா இருக்குங்களேம்மா" என்றார் விற்பவர்.

"மேல கேரியர் போட்டுக் குடுத்துடுங்க சார். கயிறு, பையெல்லாம் அங்க போயிடும்" என்றாள் புவனேஸ்வரி, முழங்காலை மடக்கி அவனுக்கு இடம் விட்டபடி.