ஜாதகத்தோடு வந்த கேடயம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதல் நாள் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் அம்மா. பிறகு அதைப் பழைய சுங்குடிச் சேலைத் துணியால் மூடி, மேலே பஞ்சாங்கத்தை வைத்தவளும் அம்மாதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை வருகிறது. நான் அப்போது நாலாம் வகுப்பு. நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. கம்ப்யூட்டருக்கு உடம்புக்கு முடியாமல் போய், அக்கா அதைச் சரியாக்கிவிட்டாள் என்பதுதான் எனக்கு விளங்கியது.

அப்பா திண்டுக்கல்லில் உரக்கடை வைத்திருந்தார். சாணார்பட்டிப் பக்கத்து விவசாயிகள் யூரியா வாங்க வந்தால், "எம் மக கம்ப்யூட்டர் படிக்குது" என்று பில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். அந்தப் பெட்டியை வாங்கியதே அக்காவுக்காகத்தான். அவள் உள்ளூர்ப் பெண்கள் கல்லூரியில் பட்டம் முடித்திருந்தாள். மேற்கொண்டு எம்.சி.ஏ. படிக்கக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்கென்று ஒரு நீலநிறப் பெட்டியும், ஒரு வாளியும் மக்கும் அப்பாவே கடைவீதிக்குப் போய் வாங்கி வந்தார். வாளியின் அடியில் அக்காவின் பெயரைப் பெயிண்டால் எழுதிக் கொடுத்ததும் அவரே. அக்காவை அவர் எப்போதும் செல்லமாக "ஏத்தா" என்றுதான் கூப்பிடுவார். என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அப்பாவின் அண்ணன் அவர், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த முதல் ஆள் என்ற பட்டத்தை அக்கா தட்டிப் பறித்துவிட்டாள் என்று அவருக்கு உள்ளூர ஒரு கோபம். இப்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் வீட்டு மாப்பிள்ளையின் ஜாதகம் ஒன்றை அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அப்பாவால் அண்ணனை எதிர்த்துப் பேச முடியாது. "புள்ள படிக்கப் போகட்டும், ஜாதகத்தைப் பார்த்து வைப்போம்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்தார்.

கடைக்கு வந்த யாரோ ஒருவர், பொருத்தம் பார்க்கும் ஜாதக சாஃப்ட்வேர் நெட்டில் சும்மாவே கிடைக்கிறது என்று சொல்லிவிட்டார். சும்மா கிடைப்பதை அப்பா விடுவாரா. அக்கா தோழியின் கல்யாணத்துக்குச் சின்னாளப்பட்டி போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அது என்னென்னவோ கேட்டது. அப்பா எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அமுக்கிக்கொண்டே போனார். கடைசியில் பன்னிரண்டு கட்டம் திரையில் வந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! என் ஜாதகத்தைக்கூடப் போட்டுப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வந்தார். அப்பா அண்ணனுக்குத் தன் வித்தையைக் காட்ட வேண்டாமா? கம்ப்யூட்டரைப் போட்டார். வழக்கமாக வரும் பச்சைப் புல்வெளி வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கேடயம் பளிச் பளிச்சென்று மின்னியது. அதன் கீழே இங்கிலீஷில் பத்தி பத்தியாக எழுத்து. அப்பா எதை அமுக்கினாலும் கேடயம் நகரவில்லை.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆபத்து என்று ஆரம்பித்தது. வைரஸ் இருக்கிறதாம். இந்தக் கம்ப்யூட்டரில் ஆபாசப் படங்கள் பார்க்கப்பட்டிருக்கின்றனவாம். அந்த இடத்தில் அவர் குரல் தணிந்தது. என்னை அடுப்படிக்குப் போகச் சொன்னார். நான் கதவு வரைக்கும்தான் போனேன்.

"இந்த வீட்ல இதைத் தொடுறது யாரு?" என்றார் பெரியப்பா.

பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அக்கா காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், வாசித்தாள், சிரித்துவிட்டாள். அவள் செய்த முதல் தப்பு அந்தச் சிரிப்புதான். அது எந்த ஊர்ச் சட்டப்படி தப்பு என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இது டுபாக்கூர் பெரியப்பா. வைரஸ் புடிக்கிறவன் மாதிரி வேசம் போட்டு வந்துருக்கு. பயமுறுத்திக் காசு புடுங்குற வேலை. செத்த நேரம் இருங்க, காட்டுறேன்."

நெட்டு வயரைப் பிடுங்கி எறிந்தாள். கேடயத்தின் கீழே இருந்த பொத்தானை அமுக்கி, வைரஸ் சோதனை போட வைத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வைரஸ் பட்டியல் ஒன்று வந்தது. மறுபடியும் போட்டாள். அதே பட்டியல், அதே வரிசை. "நம்ம கிட்ட சி, டி ரெண்டு டிரைவுதேன் இருக்கு. இது இ டிரைவுல வைரஸ்ங்குது பாருங்கப்பா. இல்லாத ரூமுக்குள்ள திருடன் இருக்கானாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அது கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானை டக் டக்கென்று தட்டினாள். இப்படி எழுப்பினால் கேடயத்தால் எழுந்திருக்க முடியாது என்றாள். திரை கறுப்பாக, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக வந்தது. எங்கெங்கோ தேடி, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு ஃபோல்டரைக் கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டர் போட்டதும் தானாகக் கிளம்புகிறவற்றில் இருந்து அதன் பெயரை எடுத்தாள். ஃபோல்டரை அழிக்கப் போனவள், அதற்கு முன் அதில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உள்ள வந்துருக்குப்பா. ஜாதக சாஃப்ட்வேரும் அதே நேரம்தேன். அதோட ஒட்டிக்கிட்டு வந்து, ஒரு வாரம் பதுங்கிக் கெடந்துருக்கு."

அவள் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை வந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னாள். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை உக்காந்தது உங்கப்பன். அப்ப உங்கப்பன்தேன் அந்தக் கருமத்தைப் பார்த்தான்னு சொல்ல வாரியா?"

"யாருமே பார்க்கல பெரியப்பா. அது பொய் சொல்லுதுன்னுதான இம்புட்டு நேரம் காட்டுறேன்."

அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"இம்புட்டும் தெரிஞ்சவளுக்கு, பார்த்ததை அழிக்கத் தெரியாதா?"

"அப்பா..."

"வாயை மூடு. கோயம்புத்தூரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அம்மா, "அதேன் சரியாயிருச்சுல்ல, விடுங்க" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா அந்த ஃபோல்டரை அழித்தாள். அணைத்து, திரும்பப் போட்டாள். பச்சைப் புல்வெளி வந்தது. நான் கை தட்டினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் வந்தது, போனது. ஹாஸ்டல் வாளி குளியலறைக்குப் போனது. குளிக்கும்போது கவிழ்த்து வைத்தால் அக்காவின் பெயர் தெரியும். அப்பா அதற்கப்புறம் அவளை "ஏத்தா" என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரத்து ஆட்கள் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்குதுங்களா? நல்லதாப் போச்சுங்க. மண்டிக் கணக்கு எழுத ஒரு ஆள் ஆச்சுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா பல் தெரியச் சிரித்தார். தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அந்த நாட்களில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்குப் போயிருந்தேன். யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்துப் பைப் கடைக்காரர் மூச்சு வாங்க வந்தார். அவர் கம்ப்யூட்டரில் சிவப்பாக என்னமோ வருகிறதாம். அசிங்கம் பிடித்த படமெல்லாம் பார்த்ததாகச் சொல்கிறதாம். அவர் மகன் பத்தாவது படிக்கிறவன். "வீட்டுக்குப் போய் அவன் தோலை உரிக்கப் போறேன்" என்றார்.

அப்பா சிரித்தார். "அட, அது டுபாக்கூர்ண்ணே. நெட்டு வயரைப் புடுங்கிட்டு ஓடவிட்டுப் பாருங்க, அதே பட்டியலைத்தேன் காட்டும். இல்லாத டிரைவுல எல்லாம் வைரஸ் இருக்கும்பான். வேற எதையாச்சும் ஏத்தும்போது ஒட்டிக்கிட்டு வந்துருக்கும். பயலை அடிச்சுப்புடாதீங்க, அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

பைப் கடைக்காரர் அப்பாவை அதிசயமாகப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அவர் கையாட்டியது மாதிரியே கையையும் ஆட்டிச் சொல்லிக் காட்டினேன்.

அக்கா துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"பயலை அடிக்க வேணாம்னா சொன்னாரு?"

"ஆமாக்கா. அவன் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னாரு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும்க்கா."

அக்கா பாதியில் விட்ட துணியை மடித்து முடித்தாள்.

"ஆமாடி" என்றாள். "அப்பாவுக்கு எல்லாம் தெரியும்."

அக்காவும் ஒத்துக்கொண்டுவிட்டாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா வந்ததும் முதல் வேலையாக அதை அவரிடம் சொல்ல வேண்டுமென்று வாசலிலேயே காத்திருந்தேன்.